அலமேலு: தொலைந்த ‘ர்’ கிடைத்துவிட்டது

மூன்று வாரமாக உயிரை வாங்கிய ஒற்றை எழுத்து நேற்று ராத்திரி பிடிபட்டது. பூட்டியின், அதாவது தாத்தாவுடைய அம்மாவின், ஓலை ஜாதகத்தில் இருப்பது வீட்டில் எல்லாரும் சொல்லும் ‘அலமேலு’ இல்லை. ‘அலர்மேல்மங்கை’ என்று முழுப்பெயரையும் எழுதியிருக்கிறார் அந்த ஜோசியர்.

சிக்கல் எங்கே என்றால், ஓலையில் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே கீறல். மெ, மே இரண்டுக்கும் ஒரே கொம்பு. ஆக, கண்ணில் பட்டது அ, ல, ஒரு கீறல், கொம்போடு ம, ல, அவ்வளவுதான். அதற்கப்புறம் பூச்சி அரித்த ஓட்டை. அந்தக் கீறலைக் கால் என்று எடுத்து ‘அலாமேல்’ என்று படித்தேன். அலமேலுவைத்தான் கை தவறி நீட்டிவிட்டார் என்று நானே முடிவுகட்டி, இரண்டு வாரத்தைத் தொலைத்தேன்.

வழி காட்டியது வெளிச்சம். மை தடவிய பிறகும் ஓட்டையைச் சுற்றி எதுவும் தெரியவில்லை. மேலிருந்து விளக்கடிப்பதை விட்டுவிட்டு, டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து, ஓலையை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு கோணத்தில் எழுத்தாணி உழுத பள்ளம் நிழல் கட்டியது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஐகாரச் சுழியும் ஒரு ககரமும்! ‘மங்கை’யின் வால். மங்கை வந்துவிட்டால் முன்னால் இருக்கும் கீறல் காலாக இருக்க வழியே இல்லை, அது ‘ர்’தான்.

‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறைமார்பா’ என்று நம்மாழ்வார் பாடிய அதே பெயர். அலர் என்றால் மலர்ந்த பூ, இங்கே தாமரை. தாமரைமேல் இருக்கும் மங்கை. திருச்சானூரில் பத்மாவதி என்று கும்பிடுவதும் இவளைத்தான். அலைமேல் இருப்பவள் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார், பாற்கடல் நினைப்பில். அழகான விளக்கம்தான், ஆனால் ஓலையில் அந்த ‘ல’வுக்கு ஐகாரம் இல்லை.

அலர்மேல் எப்படி அலமேலு ஆனது? நம் வாயைக் கேட்டாலே போதும். பார்த்து ‘பாத்து’ ஆகிறது, சேர்த்து ‘சேத்து’ ஆகிறது, மெய்க்கு முன்னால் ர் நிற்பதில்லை. பால் ‘பாலு’ ஆவதுபோல மேல் ‘மேலு’. அன்னமாச்சாரியாரின் (1408–1503) தெலுங்குக் கீர்த்தனைகளிலேயே அலமேல்மங்க வந்துவிடுகிறாள். அப்படியிருக்க, அதற்கு நானூறு வருஷம் கழித்தும் ஒரு ஜோசியர் பேச்சை விட்டுவிட்டுப் பாசுரத்துப் பெயரையே எழுதியிருக்கிறார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஓலை காய்ந்து ஒடியாமல் இருக்கத் தடவும் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வாங்கிய எலுமிச்சைப்புல் எண்ணெய் கலப்படம். பிசுபிசுவென்று ஓலையில் ஒட்டி, தூசியெல்லாம் வந்து அப்பிக்கொண்டது. அதைப் பஞ்சால் துடைத்தெடுக்கவே நான்கு நாள் ஆயிற்று, இன்னும் ஆத்திரம் தீரவில்லை. இப்போது எண்ணெய் வடிப்பவரிடமே நேராக வாங்குகிறேன். எழுத்தில்லாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறேன். எழுத்துத் தெரிய மையாகத் தடவும் விளக்குக் கரியையும் விரலால் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியில் முடிந்து, எழுத்து ஓடும் திசையிலேயே இழுங்கள்.

விகாரி வருஷம், ஆவணி மாசம் என்பது தெளிவாக இருக்கிறது. அறுபது வருஷச் சுற்று என்பதால் 1839ஆகவும் இருக்கலாம், 1899ஆகவும் இருக்கலாம். தாத்தா பிறந்தது 1924 என்பதால் 1899தான். நட்சத்திரம் இருக்கும் இரண்டாவது ஓலையை இன்னும் தொடவில்லை, முதல் வரியே பாதி பொடிந்திருக்கிறது.

அதை முடிக்காமலே மனசு அடுத்த பெயருக்குத் தாவிவிட்டது. பெரிய பாட்டி வீட்டுப் பழைய பத்திரத்தில் ‘அங்கயக்கண்ணி’ என்று ஒரு கையெழுத்து இருக்கிறதாம். அம், கயல், கண்ணி சேர்ந்தால் அங்கயற்கண்ணி, மதுரை மீனாட்சி. அங்கேயும் ஒரு ‘ற்’ காணாமல் போயிருக்கிறது. பத்திரத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்க வேண்டும்.