விடை கண்டும் மதிப்பெண் போவது எங்கே? கணித ஒலிம்பியாட் எழுதும் மேல்நிலை மாணவர்களுக்கு

பள்ளிக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுக்கும் மாணவர் முதன்முதலாக ஒலிம்பியாட் வகைத் தாளை எழுதிவிட்டு வருகிறார். “மூன்று கணக்கில் இரண்டு முடித்துவிட்டேன்” என்கிறார். முடிவு வரும்போது அந்த இரண்டுக்கும் சேர்த்தே இரண்டோ மூன்றோ மதிப்பெண்தான் இருக்கும். இது அடிக்கடி நடப்பது. திருத்தியவர் கையை இறுக்கிவிட்டார் என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள். தாளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரியும்: விடை கிடைத்த இடத்திலேயே கணக்கு முடிந்ததென்று பேனாவை மூடியிருப்பார்.

போட்டிகளில் முதல் கட்டம் பொதுவாக வேகத் தேர்வு. தெரிவுகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும், அல்லது விடையை முழு எண்ணாக எழுத வேண்டும். இங்கே நிரூபணம் கேட்பதில்லை. தெரியாத கேள்விக்கு ஊகித்துக் குறிக்கலாமா என்பதை மட்டும் மதிப்பெண் விதியைப் படித்து முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் ஏஎம்சி 12 என்ற கணிதப் போட்டித் தேர்வில் 75 நிமிடத்தில் 25 கேள்விகள்; சரியான விடைக்கு 6, விட்டுவிட்ட கேள்விக்கு 1.5, தவறான விடைக்கு 0. ஐந்து தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது 1.2. அதற்கு விட்டுவிடுவதே மேல். ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டால் 1.5, அதாவது விட்டாலும் குறித்தாலும் ஒன்றுதான். இரண்டை நீக்க முடிந்தால் 2, அப்போது குறித்துவிடலாம். தவறுக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் தேர்வுகளில் இதே கணக்கை அந்த விதிக்கு ஏற்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த கட்டம் முற்றிலும் வேறு. அதன் உச்சம் சர்வதேச கணித ஒலிம்பியாட். 1959-ல் ருமேனியாவில் 7 நாடுகளோடு தொடங்கியது. இப்போது ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் 6 மாணவர்கள் போகலாம். இரண்டு நாள் தேர்வு. ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரத்தில் 3 கணக்குகள். கணக்குக்கு 7 வீதம் மொத்தம் 42 மதிப்பெண். இயற்கணிதம், சேர்ப்பியல் (எத்தனை வழிகளில் தேர்ந்தெடுக்கலாம், அடுக்கலாம் என்பது போன்ற கணக்குகள்), வடிவியல், எண்கோட்பாடு ஆகிய நான்கு பிரிவுகளிலிருந்து கேள்விகள் வரும்; நுண்கணிதம் தேவைப்படாது. பல நாடுகளின் தேசிய அளவிலான தேர்வுகளும் ஏறக்குறைய இதே அச்சில்தான் நடக்கின்றன. ஒரு கணக்குக்கு சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்பதிலிருந்தே இங்கே எதை எதிர்பார்க்கிறார்கள் என்று புரியும்.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பழைய கணக்குதான், ஆனால் மாணவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்குகள் குறைவு.

“1 முதல் 100 வரையுள்ள முழு எண்களில் 51 எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தாலும், அவற்றில் ஏதோ ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்கும் என நிரூபி.”

பத்து நிமிடத்தில் பலர் எழுதுவது இது: “ஒன்றையொன்று வகுக்காதபடி அதிக எண்களை எடுக்க வேண்டுமென்றால் பெரிய எண்களாக எடுக்க வேண்டும். எனவே 51 முதல் 100 வரை எடுக்கிறோம். இவை 50 எண்கள். 51-ஆவது எண் 1 முதல் 50-க்குள் இருந்தாக வேண்டும். அதன் ஏதாவது ஒரு மடங்கு 51-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும். எனவே நிரூபிக்கப்பட்டது.”

வாக்கியம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் முதல் வாக்கியத்தைத் தவிர எல்லாமே சரி. ஆனாலும் இதற்குக் கிடைப்பது பூஜ்ஜியம் அல்லது 1. ஏனென்றால் சோதித்தது ஒரே ஒரு தேர்வை. “எப்படித் தேர்ந்தெடுத்தாலும்” என்று கேள்வியில் இருக்கிறது. எதிரே ஓர் எதிராளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; அவர் 51 எண்களையும் தன் விருப்பப்படி எடுப்பார், உங்கள் பட்டியலிலிருந்து அவர் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. 51 முதல் 100 வரையுள்ளவற்றில் 68-ஐ நீக்கிவிட்டு 34-ஐப் போடுங்கள். 100-க்குள் 34-இன் மடங்குகள் 34, 68 இரண்டு மட்டுமே. ஆகவே இந்த 50 எண்களிலும் ஒன்று மற்றொன்றை வகுக்காது. மோசமான நிலை இதுதான் என்று நாம் கருதியதைப் போல இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதற்கு அந்த விடைத்தாளில் பதில் இல்லை. “மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்” என்று எழுதக் கை போகும்போதெல்லாம் நிறுத்துங்கள். அதுதான் மோசமானது என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் அதுவே முழுக் கணக்காக இருக்கும்.

சரியான நிரூபணம் ஐந்து வரிகளில் முடிகிறது. எந்த எண்ணையும் 2-இன் அடுக்கு ஒன்றும் ஓர் ஒற்றைப்படை எண்ணும் பெருக்கியதாக ஒரே ஒரு வழியில் எழுதலாம்: 68 என்பது 4 × 17, 34 என்பது 2 × 17, 51 என்பது 1 × 51. 100-க்குள் ஒற்றைப்படை எண்கள் 50 மட்டுமே. தேர்ந்தெடுத்த எண்கள் 51. ஆகவே புறாக்கூடு கொள்கைப்படி (கூடுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருந்தாக வேண்டும்) இரண்டு எண்களுக்காவது ஒற்றைப்படைப் பகுதி ஒன்றாக இருக்கும். அந்த இரண்டும் 2-இன் அடுக்கில் மட்டுமே வேறுபடுவதால், சிறியது பெரியதை வகுக்கும்.

இங்கே கூடு எது, புறா எது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். “புறாக்கூடு கொள்கைப்படி நிறுவப்பட்டது” என்று மட்டும் எழுதினால், எதை எதில் போட்டீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியாது.

இதே கணக்கை “ஒன்றையொன்று வகுக்காதபடி அதிகபட்சம் எத்தனை எண்களை எடுக்கலாம்?” என்று மாற்றிக் கேட்டால் வேலை இரட்டிப்பாகிறது. விடை 50. 51 முடியாது என்பது ஒரு பாதி, அது மேலே இருக்கிறது. 50 முடியும் என்பது மறுபாதி: 51 முதல் 100 வரை எடுத்தால் போதும், ஏனெனில் 51-இன் இருமடங்கே 102. ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டு மதிப்பெண் இழப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. “அதிகபட்சம்”, “குறைந்தபட்சம்” என்ற சொல் கேள்வியில் இருந்தால், ரஃப் தாளின் மேலேயே “எல்லை”, “எடுத்துக்காட்டு” என்று இரண்டு கட்டம் போட்டுவிடுங்கள். இரண்டிலும் டிக் விழாமல் அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது.

அசமன்பாடுகளிலும் இதே கோளாறு வேறு உருவில் வரும். a, b மிகை எண்கள், a + b = 1; (a + 1/a)² + (b + 1/b)² என்பதன் குறைந்தபட்ச மதிப்பு என்ன? கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பதால் ஒவ்வோர் அடைப்புக்குறியும் 2 அல்லது அதற்கு மேல், ஆகவே விடை 8 என்று எழுதுவார்கள். 8-க்குக் குறையாது என்பது உண்மைதான். ஆனால் 8-ஐத் தொட வேண்டுமென்றால் a-யும் 1 ஆக வேண்டும், b-யும் 1 ஆக வேண்டும். கூட்டுத்தொகை 2 ஆகிவிடும். சரியான வழியில், இரண்டு அடைப்புக்குறிகளின் கூட்டுத்தொகை 1 + 1/a + 1/b, அதாவது 1 + 1/(ab). a + b = 1 என்பதால் ab அதிகபட்சம் 1/4; எனவே கூட்டுத்தொகை 5-க்குக் குறையாது. இரண்டு எண்களின் வர்க்கங்களின் கூட்டல், அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தில் பாதிக்குக் குறையாது. ஆக 25/2. a = b = 1/2 எனும்போது அது கிடைத்தும் விடுகிறது. சமக்குறி எப்போது வரும் என்ற கேள்வியைக் கடைசியில் சரிபார்ப்பதைவிட முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. a = b = 1/2 என்று முன்பே ஊகித்திருந்தால், அந்தப் புள்ளியில் சமக்குறி வராத எந்த அசமன்பாடும் இங்கே உதவாது என்பது உடனே தெரிந்திருக்கும்.

சார்புச் சமன்பாடுகளில், அதாவது f என்ற சார்பையே கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குகளில், ஒரு குறிப்பிட்ட பள்ளம் உண்டு. வேலை செய்து செய்து f(x)² = x² என்று வந்து நிற்கும். உடனே “எனவே f(x) = x அல்லது f(x) = −x” என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த “அல்லது” ஒவ்வொரு x-க்கும் தனித்தனி. சில x-க்கு x, மற்றவற்றுக்கு −x என்று கலந்து வரும் சார்புகள் எண்ணற்றவை. |x| அவற்றில் ஒன்று. ஒரு புள்ளியில் x, வேறொரு புள்ளியில் −x என்று எடுத்துக்கொண்டு, மூலச் சமன்பாட்டில் இரண்டையும் போட்டு முரண்பாடு காட்டினால்தான் நிரூபணம் முழுமையாகும். கிடைத்த விடைகளை மூலச் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்ததையும் எழுத வேண்டும். “பொருத்தினால் சரியாகிறது” என்ற சொல்கூட இல்லாத தாளில் ஒரு மதிப்பெண் போகலாம்.

சிறிய எண்களில் முயன்று பார்ப்பது எல்லாப் பிரிவுக்கும் நல்ல தொடக்கம், ஆனால் அது ஆதாரம் ஆகாது. வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து எல்லா நாண்களையும் வரைந்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16 என்று ஐந்து புள்ளி வரை இரட்டிக்கும். ஆறாவது புள்ளியில் 31.

வடிவியலில் படம்தான் பாதி வேலை. கவராயமும் அளவுகோலும் கொண்டு, குறைந்தது அரைப் பக்க அளவில் வரையுங்கள். சர்வதேசத் தேர்வில் கோணமானிக்கும் கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. முக்கோணத்துக்கு 45, 60, 75 பாகைக்கு அருகிலான கோணங்கள் வசதி. இருசமபக்கம் போலத் தோன்றினால் இல்லாத சமச்சீர் கண்ணில் பட்டு ஏமாற்றும். பிறகு வேறு வடிவ முக்கோணத்தில் இன்னொரு படம் போட்டு, ஒரே வட்டத்தில் இருப்பதாக முதல் படத்தில் தோன்றிய நான்கு புள்ளிகள் இதிலும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயத்தொலைவு போட்டு அடித்துவிடலாம் என்று இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முடித்தால் முழு மதிப்பெண், பாதியில் நின்றால் அநேகமாக எதுவும் கிடைக்காது. எந்தப் புள்ளியை ஆதியாக வைத்தால் எத்தனை மாறிகள் மிஞ்சும் என்று முதலில் எண்ணிவிட்டு இறங்குங்கள்.

நேரப் பங்கீட்டுக்கு வருவோம். நாலரை மணி நேரம் என்பது 270 நிமிடம். முதல் 15 நிமிடம் மூன்று கணக்கையும் படிப்பதற்கு மட்டும். சர்வதேசத் தேர்வில் கேள்வி புரியாவிட்டால் முதல் அரை மணி நேரத்துக்குள் எழுதிக் கேட்கலாம். அதற்காகவே மூன்றையும் முதலில் படித்துவிட வேண்டும். வழக்கமாக 1-ஆவதும் 4-ஆவதும் எளியவை, 3-ஆவதும் 6-ஆவதும் கடினம். எளியதை முடித்து, அப்போதே சுத்தமாக எழுதிவிடுங்கள். “வழி தெரிந்துவிட்டது, கடைசியில் எழுதிக்கொள்கிறேன்” என்று தள்ளிவைத்தால், எழுதும்போது ஓட்டை தெரியவரும், அடைக்க நேரம் இருக்காது. நல்ல நிரூபணத்தை எழுத 30 முதல் 40 நிமிடம் ஆகும். ஒரே யோசனையில் 40 நிமிடம் நகராமல் நின்றால், அதுவரை கண்டதை இரண்டு வரியில் குறித்துவிட்டு வேறு பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

தாளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கணக்கையும் புதுத் தாளில் தொடங்கிப் பக்க எண் போடுங்கள். இடையில் தேவைப்படும் உண்மைகளைக் “கூற்று 1”, “கூற்று 2” என்று பெயரிட்டுத் தனித்தனியாக நிறுவுங்கள். ஒன்றில் பிழை வந்தாலும் மற்றது தப்பிக்கும். தவறென்று தோன்றியதை ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், மையால் பூசி மறைக்காதீர்கள். நீங்கள் தவறென்று விட்டதில் மதிப்பெண்ணுக்குரிய யோசனை இருக்கலாம்.

7 மதிப்பெண் சமமாகப் பிரிந்து கிடப்பதில்லை. முழுத் தீர்வு 7, சிறு ஓட்டை இருந்தால் 6 அல்லது 5, நல்ல முன்னேற்றத்துக்கு 1 அல்லது 2. நடுவில் விழுவது குறைவு. அதனால் மூன்று கணக்கில் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவைப்பதைவிட ஒன்றை முழுதாக முடிப்பது எப்போதும் மேல். சர்வதேசத் தேர்வில் பதக்கம் கிடைக்காதவர்களுக்குத் தரும் பாராட்டுச் சான்றிதழுக்கும் இதே அளவுகோல்தான்: ஒரு கணக்கிலாவது முழுமையாக 7.

பயிற்சியில் செய்ய வேண்டியது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தீர்வைப் பார்ப்பதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் கணக்கோடு இருங்கள். பார்த்துவிட்டால், மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து முழு நிரூபணத்தையும் நீங்களே எழுதி, அந்தக் கணக்கைத் தெரியாத நண்பரிடம் கொடுங்கள். அவர் “இது எப்படி வந்தது?” என்று விரல் வைக்கும் இடம்தான் திருத்துபவர் வட்டமிடும் இடம். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வாரம் ஒருமுறை, தேர்வு நேரத்திலேயே, நாலரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பழைய தாள் ஒன்றை எழுதுங்கள். மூன்றாம் மணி நேரத்தில் மூளை எப்படித் தளர்கிறது என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முதல் நாள் முடிந்த மாலை கூடத்தில் எல்லோரும் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே நிற்காதீர்கள். ஒப்பிட்டு எதுவும் மாறாது. மறுநாள் காலை 4-ஆவது கணக்கு மறுபடியும் எளிய கணக்காக வந்து நிற்கும், முதல் நாள் பூஜ்ஜியம் எடுத்தவருக்கும் அதில் 7 மதிப்பெண் இருக்கிறது. பேனாவுக்கு மை நிரப்பி, கவராயத்துக்குப் பென்சில் சீவி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.