ஒரு கம்பி, இரண்டு ஆணி, ஒரு பாட்டில்

கிட்டார் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஸ்லைடு, அதாவது பாட்டில் மாதிரி ஒன்றைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது, மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு கம்பியில் வழுக்கினால் பக்கத்துக் கம்பி கத்துகிறது. சரி, ஒரே கம்பிக்கு இறங்கிவிடுவோம் என்று போன மாதம் டிட்லி போ செய்ய உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவின் பருத்தி வயல்களில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளைகள் காசில்லாமல் செய்துகொண்ட வாத்தியம் இது. அதே மண்ணின் பாட்டு வகைதான் ப்ளூஸ், நான் பிடிக்கப் பார்ப்பதும் அதைத்தான். துடைப்பத்தைச் சுற்றியிருக்கும் கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அடியில் ஒரு பாட்டிலைச் செருகினால் வேலை முடிந்தது. ஒரு கையால் கம்பியைத் தட்டி, மறு கையில் இன்னொரு பாட்டிலை அதன்மேல் வழுக்க வேண்டும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஒற்றைத் தந்தி வாத்தியங்களின் வாரிசு என்கிறார்கள் ஆய்வாளர்கள். மாலி நாட்டு அலி ஃபர்க்கா தூரே சிறுவயதில் தொடங்கியதும் ஒற்றைக் கம்பியில்தான்.

முதல் வாரம் நானும் மாடிச் சுவரில் ஆணி அடித்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கொசு சத்தம்கூட வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் இருந்தவை பலகை வீடுகள். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி அவர்களுக்குச் சுவர். செங்கல்லும் சிமெண்டும் எங்கே அதிரப்போகிறது?

பழைய கட்டில் பலகை ஒன்றுக்கு மாறினேன். கட்டட வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பி சரிப்படவில்லை; முறுக்க முறுக்க நீண்டுகொண்டே போகிறது, சுருதி நிற்பதில்லை. கடைசியில் கிட்டாரின் மூன்றாம் கம்பியையே போட்டேன். ஒரு முனையில் பழைய கிட்டாரிலிருந்து கழற்றிய முறுக்காணி, மறுமுனையில் பாட்டிலுக்குப் பதில் பிஸ்கட் டப்பா. டப்பா நெளிந்தது. மேலே ஒரு மரச்சில்லு வைத்ததும் நின்றுவிட்டது.

இனிதான் விஷயமே. அதிரும் நீளம் சரியாக 60 செ.மீ. ஒரு முனையிலிருந்து அளந்து பென்சிலால் கோடு போட்டேன்: 15-ல் மத்திமம், 20-ல் பஞ்சமம், 30-ல் மேல் ஸட்ஜம். இந்த மூன்றும் பிசகவில்லை. காந்தாரம்தான் வம்பு. கணக்குப்படி சாதாரண காந்தாரம் 10 செ.மீ.யில், அந்தர காந்தாரம் 12-ல். ப்ளூஸ் பாடகர்கள் பிடிக்கும் காந்தாரம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அப்படியானால் 11-ஆ? அங்கே பாட்டிலை வைத்து அழுத்தினேன், வெறும் அபஸ்வரம். பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் புரிந்தது, அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழே தொட்டு மெல்ல மேலே இழுபடுகிறது, சில சமயம் பாதி வழியிலேயே விட்டுவிடுகிறார்கள். பியானோவில் இப்படியொரு இடம் கிடையாது. அதனால்தான் ப்ளூஸ் பியானோக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து உரசிவிடுகிறார்கள்.

வீணை மாதிரி இருந்தாலும் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு இதெல்லாம் சுலபம் என்று இறுமாந்திருந்தேன். வாசித்துப் பதிவு செய்து கேட்டால் கரகரப்ரியா ராகம் மாதிரி ஏதோ ஒன்று! ஸ்வரத்தை ஆட்டும் அசைவுகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பாட்டு வாத்தியார் பாணியில் வந்திருந்தன. இழுப்பதை விட, எப்போது நிறுத்துவது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அதற்கு வழி காட்டியது 1903-ல் நடந்த ஒரு சம்பவம். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் வராத வண்டிக்காகக் காத்திருந்த ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி, ஒருவர் கிட்டார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசிப்பதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர் ஒரே வரியை மூன்று முறை பாடினாராம், கிட்டார் கூடவே பதில் சொன்னதாம். நானும் அப்படியே ஒரு வரி பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பேசவிட்டேன். வரி என்னவென்று கேட்காதீர்கள், கேஸ் சிலிண்டர் தீர்ந்ததைப் பற்றியது. இரண்டு நாளில் அசைவு பாதியாகக் குறைந்தது.

மூன்றாம் வாரம் டப்பாவுக்குள் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பீசோ வில்லையை ஒட்டி ஆம்ப்ளிஃபையரில் செருகினேன். டப்பா உறுமியது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் நினைவுதான் வந்தது: 1941-ல் மிசிசிப்பியின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்தில் சாதாரணக் கிட்டாரோடு பதிவானவர், 1943-ல் சிகாகோ போய் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். அங்கே அவர் 1950-ல் பதிவு செய்த பாட்டின் பெயரைத்தான் லண்டன் பையன்கள் சிலர் 1962-ல் தங்கள் ராக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் என்று. கல்லூரியில் நான் அவர்களைத்தான் மூலவர் என்று கும்பிட்டேன். உற்சவர் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்றைய நிலவரம்: ப்ளூஸ் பாட்டுகளின் வழக்கமான பன்னிரண்டு பார் சுற்று (பார் என்றால் தாளத்தின் ஒரு வட்டம்) மெதுவான காலத்தில் தடுமாறாமல் வருகிறது. பஞ்சமத்துக்குப் போகும்போது இன்னும் அரை சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகிறேன். பலகையில் 15, 20, 30 கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, காந்தாரக் கோடுகள் இரண்டையும் நேற்று ரப்பரால் அழித்துவிட்டேன்.