காசிமேட்டு ஐஸும் சோலுகும்பு பனியும்

சென்னையின் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஐஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐஸ் பாரை எப்படி உடைப்பது, லாஞ்ச், அதாவது விசைப்படகு, பத்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனால் எவ்வளவு ஏற்ற வேண்டும், வெயில் பட்டால் எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இதை நான் கவனிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் மலையில் பனி உருகுவதைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன், எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள். பருவநிலை மாற்றம் வந்தால் "பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கிறது" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்தப் பனிப்பாறை என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. பாறை என்றால் ஒரே இடத்தில் கிடப்பது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பனியாறு என்று சொல்லிப் பாருங்கள், அது மெதுவாக நகர்கிறது, மேலே பனி விழுந்து சேர்கிறது, கீழே உருகி ஓடுகிறது, வரவைவிடச் செலவு அதிகமானால் குட்டையாகிறது, எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி காட்மாண்டுவில் இருக்கிறாள். நேபாளத்தில் சோலுகும்பு மாவட்டம், எவரெஸ்ட் இருக்கிற மாவட்டம், அங்கே சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதன் அறிவியல் ஆசிரியரை அவள்தான் அறிமுகப்படுத்தினாள். அவர்களுக்கு வார விடுமுறை சனிக்கிழமை, நமக்கு ஞாயிறு, ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசலாம் என்று முடிவானது. நேபாளத்துக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிஷம் முந்தி ஓடும், அது தெரியாமல் முதல் வாரம் அவர்கள் கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

முதல் பேச்சு சரியாக வரவில்லை. நான் படங்களெல்லாம் தயார் செய்து ஒரு மணி நேரம் விளக்கினேன், அங்கேயும் சத்தம் இல்லை, இங்கேயும் சத்தம் இல்லை. கடைசியில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அரைகுறை ஆங்கிலத்தில் "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள், அங்கிருந்து ஒரு பையன் பருப்பு வேக ரொம்ப நேரமாகும், குக்கர் இல்லாமல் முடியாது என்றான். ஏன் என்று இவர்கள் கேட்க, அடுத்த வாரமே இரண்டு பக்கமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தோம். இங்கே 100-ஐ ஒட்டி நின்றது, அங்கே 91-ஐத் தாண்டவில்லை. காற்றழுத்தம் குறையக் குறைய கொதிநிலையும் குறையும் என்று நான் பத்து தடவை சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது. மலை என்பது வேறு மாதிரியான இடம், அங்கே சோறு வேகிறதுகூட வேறு மாதிரி என்று புரிந்த பிறகுதான் பனியைப் பற்றிக் கேள்வி வர ஆரம்பித்தது.

அப்புறம் அவர்கள் 'தாமே' (Thame) என்கிற கிராமத்தைப் பற்றிச் சொன்னார்கள். அதே மாவட்டத்தில் இன்னும் மேலே, சுமார் 3,800 மீட்டரில் இருக்கிற ஊர், டென்சிங் நோர்கே வளர்ந்த ஊர். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே இருந்த சின்னப் பனி ஏரி உடைந்து வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்தையும் சுகாதார நிலையத்தையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. பகல் நேரம், உயிர் போகவில்லை. "இன்னா மிஸ், மலை மேலகூட வெள்ளம் வருமா?" என்று இங்கே ஒருவன் கேட்டான். வெள்ளம் என்றால் பள்ளத்தில் இருக்கிறவர்களுக்கு வருவது என்றுதான் அவனுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் அவனுடைய மாமா வீட்டில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்து சுவரெல்லாம் கறுப்பானதை அவன் நேரில் பார்த்தவன். அதை அவன் சொன்னான், அவர்கள் கேட்டார்கள். ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேச்சு, நான் குறுக்கே போகவில்லை.

ஐஸ் கதைக்கு வருகிறேன். அங்கிருந்து ஒரு புகைப்படம் வந்தது, கும்பு பனியாற்றின் கீழ்ப்பகுதி. முழுக்கக் கல்லும் மண்ணும்தான் தெரிகிறது, பனியே இல்லை என்று எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள். அடியில் பனி இருக்கிறது, மேலே மூடியிருப்பது சரிந்து விழுந்த கல் என்றார் அந்த ஆசிரியர். உடனே இங்கே ஒரு பெண், அவள் அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், "அப்ப அது சீக்கிரம் உருகாது மிஸ், நாங்க சாக்கு போட்டு மூடுற மாதிரி" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பனியாற்றை ஆராய்கிறவர்கள் சொல்கிற விஷயம் அதுதான்: தடிமனாக மூடியிருக்கிற கல் வெயிலைத் தடுத்து உருகலைக் குறைக்கும், ஆனால் மெல்லிசாகப் படிகிற கரியும் தூசியும் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும்.

அடுத்த ஞாயிறு மாடியில் மூன்று ஐஸ் கட்டி வைத்தோம். ஒன்று வெறும் ஐஸ், ஒன்றின் மேல் லேசாகக் கரித்தூள், ஒன்றின் மேல் நாலு விரல் கனத்துக்கு மணல். கரித்தூள் போட்டது முதலில் கரைந்தது, மணல் மூடியது கடைசி வரை நின்றது. அங்கே அதைச் செய்ய பனிக்காலம் வரை காத்திருந்து பனியில் சாம்பல் தூவிப் பார்த்துப் படம் அனுப்பினார்கள். இந்தச் சோதனை எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குக் கொடுத்தது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் யாரும் தலைகுனிந்து உட்காரவில்லை.

அப்போது வந்த கேள்வி ஒன்றை நான் மறக்க மாட்டேன். ராயபுரம் பக்கம் நிலக்கரி இறக்கிய காலத்தில் காயப்போட்ட துணியெல்லாம் கறுக்கும் என்று ஆயா சொன்னதைக் கேட்டு வளர்ந்த பையன், "நம்ம ஊரு கரி அங்க போய் விழுமா மிஸ்?" என்றான். யோசித்துத்தான் சொன்னேன். கரித்துகள் காற்றில் சில நாள், அதிகம் போனால் ஓரிரு வாரம்தான் இருக்கும், இமயமலைக்குப் போவதில் பெரும்பங்கு கங்கைச் சமவெளியின் அடுப்பு, செங்கல் சூளை, டீசல் புகையிலிருந்து. ஆனால் நிலக்கரி எரித்து வெளிவிடும் கரியமில வாயு அப்படியில்லை, உலகம் முழுக்கக் கலந்துவிடும், அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இமயமலைப் பகுதியைக் கவனிக்கிற ஐசிமோட் நிறுவனம் காட்மாண்டுவில்தான் இருக்கிறது. 2011 முதல் 2020 வரை இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்பது அவர்களுடைய 2023 அறிக்கை. அந்த எண்ணை அவன் நோட்டில் தானாகவே எழுதிக்கொண்டான்.

அவர்கள் பதிலுக்குக் கேட்டது கடலைப் பற்றி. உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம், முன்பு எவ்வளவு இருந்தது? பிள்ளைகள் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அளந்தார்கள், ஆயாக்களிடம் கேட்டார்கள். இப்போது கல்லு கொட்டியிருக்கிற இடத்தில் முன்பு மணல் இருந்தது, வலை காயப்போட்டார்கள், கபடி ஆடினார்கள். இங்கே நான் பிடிவாதமாக ஒன்று செய்தேன். இதெல்லாம் பனி உருகியதால் என்று அனுப்ப விடவில்லை. துறைமுகச் சுவர் கட்டியதால் வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டு மெரினா பக்கம் சேர்ந்தது, எங்கள் பக்கம் அரித்தது, அது நூறு வருஷத்துக்கு மேலான கதை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறியது சுமார் 20 சென்டிமீட்டர். ஏற்கெனவே மணலை இழந்த கரையில் அந்த 20 சென்டிமீட்டர் சேரும்போது என்ன ஆகும் என்பதை எழுதச் சொன்னேன். நாலு பக்கம் எழுதினார்கள், நான் திருத்தியது எழுத்துப்பிழையை மட்டும்தான்.

வெளிநாட்டு மாணவர் பரிமாற்றம் என்ற பேரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நன்றாக ஆங்கிலம் பேசுகிற இரண்டு பேரைத் தேர்ந்து விமானத்தில் அனுப்பி, போட்டோ எடுத்துத் திரும்பக் கூட்டிவருவதைப் பார்த்திருக்கிறேன். போன பிள்ளைக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது மட்டும் பரிமாற்றம் ஆகாது. கொண்டுபோய்க் கொடுக்க நம் பிள்ளையிடமும் ஏதாவது இருக்க வேண்டும், அது அவன் தெருவிலிருந்தே வர வேண்டும். எங்கள் செலவு மாதம் ஒரு டேட்டா பேக், கொஞ்சம் ஐஸ்.

2025-லிருந்து மார்ச் 21-ஐ ஐநா பனியாறுகளுக்கான நாளாக வைத்திருக்கிறது. வருகிற 2026-இல் அது சனிக்கிழமை, அவர்களுக்கு விடுமுறை, ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறோம் என்கிறார்கள். நாங்கள் காலை 10 மணிக்கு, அவர்கள் கடிகாரத்தில் 10.15-க்கு, அதே மூன்று கட்டி சோதனையை ஒரே நேரத்தில் செய்யப் போகிறோம். ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தால் லாஞ்சுகளெல்லாம் நின்றுவிடும், அதற்கு முன்னால் இது முடிந்துவிடும். ஒரு முழு பார் தருகிறேன் என்று அந்தப் பெண்ணின் அப்பா சொல்லியிருக்கிறார்.