பன்னிரண்டே படம்

கேரளத்து வண்டிப்பெரியாறில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மழையும் வந்துவிடும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து நடந்து வருவதற்குள் பாவாடை முழங்கால் வரை நனைந்திருக்கும். உட்கார்ந்து எழுந்தால் பெஞ்சில் ஈரத்தடம். அந்த மழையை அழகு என்று சொன்ன முதல் ஆள் எங்கள் டிராயிங் சார்தான்.

சாரிடம் ஒரு யாஷிகா இருந்தது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா. அதற்குள் பார்த்தால் இடது பக்கம் நிற்பவள் வலது பக்கம் தெரிவாள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதனால் சார் சுலபத்தில் பட்டனை அழுத்த மாட்டார்.

டீக்கடையில் பழைய மலையாள மனோரமா பேப்பர் வாங்கி, அதன் போட்டோகிராபர் விக்டர் ஜார்ஜ் எடுத்த படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொண்டுவருவார். தமிழ் மீடியம் பிள்ளைகளான எங்களில் பாதிப் பேருக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத்தான் வரும். "கீழே எழுதியிருக்கறதை விடுங்க, படத்தைப் படிங்க" என்பார்.

1994-ல் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. வரிசையில் நின்றதும் மூடுபனி இறங்கிவிட்டது. "விலகட்டும் சார்" என்றோம். "விலகக் கூடாதுன்னு வேண்டிக்குங்க" என்றார். ஒளியை அளக்கிற மீட்டர் வெள்ளையைக் கண்டால் ஏமாந்து, அதையும் சாம்பல் என்றே கணக்குப் போடுமாம். அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளி வரும்படி, திறக்காவிட்டால் பனி அழுக்குத்துணி மாதிரி வரும். 1941-ல் நியூ மெக்சிகோவில் அமெரிக்க போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸ், மீட்டர் கைக்கு அகப்படாமல், நிலவின் ஒளி அளவை மனதில் வைத்தே கணக்குப் போட்டு ஒரு ஊரின் நிலவெழுச்சியை எடுத்த கதையையும் அப்போதே சொன்னார். இரண்டாவது படத்துக்குள் கல்லறைச் சிலுவைகளில் வெயில் போய்விட்டதாம். நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்டோம்!

போட்டோ வந்தபோது பெரிய சண்டை. காசு கொடுத்து வாங்கிய படத்தில் மகளைக் காணோமே என்று என் அம்மாவே பள்ளிக்கு வந்துவிட்டார். சார் அசரவில்லை.

2001 ஜூலை 9-ம் தேதி, தொடுபுழா பக்கம் வெண்ணியானி மலையில் மண்சரிவைப் படமெடுக்கப் போன விக்டர் ஜார்ஜ் அந்த மண்ணிலேயே போய்விட்டார். நான் அப்போது துபாய்க்கு வந்து ஆறு மாதம்தான். ஊருக்குப் போன் போட்டேன். சார் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க மழை உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த குரூப் போட்டோ இப்போது இங்கே ஹாலில் மாட்டியிருக்கிறது. பின்வரிசையில், இடமிருந்து நான்காவது, பனிக்குள் ஒரு ரிப்பன் மட்டும் தெரியும். அது நான்.