ஒற்றைக் காதுக்கு ஒரு ஹெட்போன்

டிஜே வேலைக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, பாஸில், அதாவது கீழ் சத்தத்தில், மயங்கி வாங்காதீர்கள் என்பதுதான். மாட்டிப் பார்த்தவுடன் கிக், அதாவது தாளத்தின் கனமான டிரம் அடி, நெஞ்சுக்குள் இறங்குவது போல இருக்கும், ஆஹா என்று தோன்றும். அந்த ஆஹாவை நம்பித்தான் நானும் என் முதல் ஹெட்போனை வாங்கினேன். வீட்டில் பயிற்சி செய்த வரை ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்று முதல் முறை செட் வாசித்த அன்று, காதில் கேட்பது அடுத்த பாட்டின் கிக்கா, அறையில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் கிக்கா என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே கும்மென்ற சத்தம். வால்யூமைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது காதுக்குள் ஒரு விசில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் வரை அது நிற்கவில்லை, நான் பயந்துதான் போனேன்.

அன்று என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. காதை மூடும் எந்த ஹெட்போனும் மேல் சத்தங்களை நன்றாகத் தடுக்கும், கீழ் சத்தங்களைச் சரியாகத் தடுக்காது. பேச்சு, கைதட்டல், ஹை-ஹாட் (டிரம் செட்டின் சின்ன உலோகத் தட்டுகள்) எல்லாம் வெளியே நின்றுவிடும். 60, 80 ஹெர்ட்ஸில் அடிக்கிற பாஸ் மட்டும் காதில் படும் மெத்தையான பேடைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அதனால் அறை முழுக்கப் பாஸ் நிரம்பியிருக்கும் இடத்தில், ஹெட்போன் தருகிற பாஸ் அதோடு மோதித் தோற்றுத்தான் போகும். அப்போது அடுத்த பாட்டைப் பிடித்துக்கொள்ள மிச்சம் இருப்பது கிக்கின் முன்முனையில் வருகிற அந்த 'டக்', ஸ்நேர் டிரம், கைதட்டல் போன்ற கிளாப், ஹை-ஹாட் இவைதான். இவை எந்த ஹெட்போனில் தெளிவாக, தனித்தனியாகக் கேட்கின்றனவோ அதுதான் டிஜேக்கு ஏற்றது. அதைச் சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க மாட்டினால் கொஞ்சம் வறட்சியாகக்கூடத் தோன்றலாம். பரவாயில்லை.

ஹெட்போனில் நாம் செய்வது ரசிப்பதே இல்லை, முன்கூட்டிக் கேட்பது. கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்ததை நாம் மட்டும் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, இடம் பார்த்து உள்ளே விட வேண்டும். 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராஸோ இரண்டு ரெக்கார்டுகளின் தாளத்தை ஒன்றின் மேல் ஒன்று பொருத்திக் காட்டிய காலத்திலிருந்து வேலை இதேதான். இப்போது சிங்க் பட்டன் இருக்கிறதே, ஹெட்போன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சிங்க் வேகத்தை ஒட்டவைக்கும். பாடகர் எந்த இடத்தில் வாய் திறக்கிறார், இரண்டு பாட்டின் சுருதியும் சேருமா, முன்னதைவிட இது மெலிதாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையெல்லாம் காதுதான் சொல்ல வேண்டும்.

அதனால் முதல் தேவை மூடிய கப். ஓபன் பேக் (கப்பின் வெளிப்பக்கம் திறந்த வகை) எவ்வளவு அருமையாகப் பாடினாலும் இந்த வேலைக்கு ஆகாது, வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். இது சொகுசுக்காகச் சொல்வதில்லை, காதைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கொடுக்கும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தத்தை ஒரு ஹெட்போன் 10 டெசிபல் கூடுதலாகத் தடுத்து, அதனால் நீங்கள் கியூ வால்யூமை (அடுத்த பாட்டை முன்கூட்டிக் கேட்கும் சத்தத்தை) 10 டெசிபல் குறைவாக வைக்க முடிந்தால், அந்தச் சத்தத்தைக் காது தாங்கும் நேரம் சுமார் பத்து மடங்கு ஆகிறது. ஒலித்தரத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஒரு கணக்குக்கு முன்னால் நிற்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது ஒற்றைக் காது. பெரும்பாலான டிஜேக்கள் ஒரு கப்பைக் காதில் வைத்து, மறுகாதைத் திறந்துவிட்டு, டிஜே நிற்கும் இடத்தில் வைத்த ஸ்பீக்கரான பூத் மானிட்டரைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். சிலர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார்கள். நான் இடது கப்பைக் காதிலும் வலது கப்பைக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேலும் வைத்துக்கொள்வேன். அதனால் கப் சுழல வேண்டும், பின்பக்கமாக நன்றாகத் திரும்ப வேண்டும், அப்படித் திரும்பின நிலையிலும் தலையில் நிற்க வேண்டும். ஸ்டூடியோவுக்கென்று செய்த சில நல்ல ஹெட்போன்கள் இங்கேதான் சறுக்குகின்றன. இரண்டு காதிலும் நேராக மாட்டினால் அற்புதம், ஒன்றைத் தள்ளிவிட்டால் மற்றதும் சேர்ந்து நழுவும். அழுத்தம் குறைந்தால் பேடுக்கும் தோலுக்கும் நடுவில் சந்து விழும், சந்து விழுந்தால் இருக்கிற பாஸும் ஓடிவிடும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும், அந்தக் காம்பே ஒரு சந்து. பாட்டை மோனோவாக, அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து, கேட்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இடது காதை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கும்போது, வலது பக்கம் தள்ளிப் பதிவு செய்யப்பட்ட ஹை-ஹாட் உங்களுக்குப் பாதிதான் கேட்கும். சில மிக்ஸர்களில் ஸ்ப்ளிட் கியூ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் கியூ ஒரு காதிலும், கூட்டம் கேட்கும் ஒலியான மாஸ்டர் மறுகாதிலும் மோனோவாக வரும். பூத் மானிட்டர் இல்லாத இடத்தில் இதுதான் கை கொடுக்கும், ஏனென்றால் ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களிடம் வந்து சேர 29 மில்லி விநாடி ஆகும், அந்தத் தாமதத்தோடு ஒட்டினால் மிக்ஸ் விலகித்தான் நிற்கும்.

இதே காரணத்துக்காகத்தான் புளூடூத் வேண்டாம் என்கிறேன். 128 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 பீட் வேகத்தில், ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் இடையில் சுமார் 469 மில்லி விநாடி. சாதாரணப் புளூடூத்தில் 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதம் வரலாம், அதாவது கிட்டத்தட்ட அரை பீட். 20, 30 மில்லி விநாடி விலகினாலே இரண்டு கிக்கும் பிளந்து குதிரை ஓடுவது போலக் கேட்கும். டிஜேக்களுக்கென்றே தாமதத்தைக் குறைத்துச் செய்த வயர்லெஸ் ஹெட்போன்கள் இப்போது வருகின்றன. அவை தனி டிரான்ஸ்மிட்டர் வைத்து வேலை செய்பவை, மொபைலில் இணைத்துக் கேட்கிற வகை இல்லை. சத்தத்தை மின்னணு முறையில் ரத்து செய்யும் வகையும் எனக்குச் சரிப்படவில்லை. பேட்டரி தீர்ந்தால் செட்டின் நடுவில் என்ன செய்வது?

இனி ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடையான இம்பீடன்ஸ். புதிதாக வருபவர்கள் ரொம்பக் குழம்பும் இடம் இது. இம்பீடன்ஸ் அதிகம் என்றால் தரம் அதிகம் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதை நம்பாதீர்கள். மிக்ஸரோ கன்ட்ரோலரோ கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதே மின்னழுத்தத்தில் 32 ஓம் ஹெட்போன் வாங்கிக்கொள்ளும் ஆற்றலில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் 250 ஓம் வாங்கும். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் சத்தம் 9 டெசிபல் குறைவு. மடிக்கணினியில் செருகிய சின்னக் கன்ட்ரோலர் அந்த 250 ஓமை இழுக்க முடியாமல் திணறும், நீங்கள் குமிழைக் கடைசி வரை திருகுவீர்கள், ஒலி கரகரக்கும். 32 முதல் 70 ஓம் வரை இருந்தால் நிம்மதி. சென்சிட்டிவிட்டி எண்ணையும் (இவ்வளவு மின்சாரத்துக்கு இத்தனை டெசிபல் என்பது) பாருங்கள், ஆனால் அது மில்லிவாட்டுக்குச் சொன்னதா வோல்ட்டுக்குச் சொன்னதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒரே 32 ஓம் ஹெட்போனை மில்லிவாட் கணக்கில் 97 என்று எழுதினாலும் வோல்ட் கணக்கில் 112 என்று எழுதினாலும் இரண்டும் ஒன்றுதான். அந்த 15 டெசிபல் வித்தியாசத்தைப் பார்த்து ஏமாந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர் 40 மி.மீ.யா 50 மி.மீ.யா என்பதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேபிள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஹெட்போனில் முதலில் சாவது கேபிள்தான். இருட்டில் யாராவது காலை விடுவார்கள், நீங்களே திரும்பும்போது இழுத்துவிடுவீர்கள். மிக்ஸர் பக்கம் 6.3 மி.மீ. ஜாக், சின்னச் சாதனங்களில் 3.5 மி.மீ., அதனால் அடாப்டர் திருகி மாட்டும் வகையாக இருந்தால் பாதி வழியில் உருவிக்கொண்டு வராது. சுருள் கேபிளா நேர்க் கேபிளா என்பது பழக்கம். எனக்குச் சுருள்தான் பிடிக்கும், காலடியில் கிடக்காது.

மாடல் பெயர் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். சென்ஹைசர் எச்டி 25, 1988இல் வந்தது, இன்றும் பூத்துகளில் அதைப் பார்க்கலாம். 70 ஓம், கேபிள் இல்லாமல் 140 கிராம்தான், ஒரு கப் மட்டும் பின்னால் திரும்பும், ஹெட்பேண்ட் இரண்டாகப் பிரியும், ஏறக்குறைய ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கி மாற்றலாம். காதை முழுதாக மூடாமல் காதின் மேல் உட்காரும் வகை அது, இறுக்கமும் அதிகம், அதனால் இரண்டு மணி நேரத்தில் காது வலிக்கத் தொடங்குகிறது என்பவர்கள் நிறைய, நானும் ஒத்துக்கொள்வேன். காதைச் சுற்றி மூடும் வகை வேண்டுமென்றால் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ்: 38 ஓம், 45 மி.மீ. டிரைவர், கப் 90 டிகிரி திரும்பும், கேபிள் கழலும். பயனியர் டிஜேயின் எச்டிஜே வரிசை இந்த வேலைக்கென்றே செய்தது. ஏஐஏஐஏஐ டிஎம்ஏ-2இல் ஸ்பீக்கர், பேடு, பேண்ட், கேபிள் எல்லாம் தனித்தனித் துண்டுகள், நீங்களே தேர்ந்து சேர்த்துக்கொள்ளலாம். சோனி எம்டிஆர்-7506, 1991 முதல் ஸ்டூடியோக்களில் இருக்கிறது, மேல் சத்தங்கள் பளிச்சென்று கேட்கும், ஆனால் கேபிள் கழலாது. நான் பயிற்சிக்கும் எடிட்டிங்குக்கும் அதையும், வெளியே போகும்போது எச்டி 25ஐயும் எடுத்துப் போகிறேன்.

வாங்கும் முன் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள். உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டு மற்றதை ஹெட்போனில் ஒரே காதில் கேளுங்கள். அப்புறம் ஹெட்போன் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எந்த அளவு வரை குறைத்தாலும் கிளாப்பையும் ஹை-ஹாட்டையும் பின்தொடர முடிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஹெட்போனிலும் அந்த எல்லை வேறாக இருக்கும், ரொம்பக் கீழே வரை இறங்க விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அரை மணி நேரம் கழற்றாமல் மாட்டியிருங்கள். ஹெட்பேண்டை இரண்டு கையாலும் விரித்து, கப்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மூட்டு கிறீச்சிட்டால் அங்கேதான் ஒருநாள் உடையும். என்னுடைய இரண்டாவது ஹெட்போன் அப்படித்தான் போனது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கப் கையோடு வந்துவிட்டது, மிச்ச நேரம் முழுக்க அதைக் கையால் காதில் அழுத்திக்கொண்டே மற்றக் கையால் மிக்ஸ் செய்தேன்.

பேடுகளை மறக்காதீர்கள். செயற்கைத் தோல் வியர்வையில் ஊறி உரிந்து போகும். அந்தக் கறுப்புத் துகள் கழுத்தில் ஒட்ட ஆரம்பித்தால், சத்தத்தைத் தடுக்கும் திறனும் குறைந்துகொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் பழசாகிவிட்டது, பாஸ் போய்விட்டது என்று புதிது வாங்கப் போகிறவர்கள் முதலில் பேடு மாற்றிப் பாருங்கள். வெல்வெட் போன்ற துணிப் பேடு காதுக்குச் சுகம்தான், ஆனால் பாஸ் கசியும், வெளிச்சத்தம் கூடுதலாக உள்ளே வரும், அதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். என்னுடையதில் எப்போதும் இடது பேடுதான் முதலில் தேய்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன். போன வாரம்தான் மூன்றாவது ஜோடி மாட்டினேன். அன்று இரவு வாசித்த செட்டில் கியூ குமிழ் பாதியைத் தாண்டவில்லை.