வேலைநிறுத்தத்துக்கு முந்தைய இரண்டு வாரம்

2018 மே மாதத் தொடக்கத்தில், வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கம் 2 சதவீத ஊதிய உயர்வு தருவதாகச் சொல்லியிருக்கிறது என்று செய்தி வந்தபோது எங்கள் கிளையில் யாரும் நம்பவில்லை. 12 என்பதில் ஒன்று விட்டுப்போயிருக்கும் என்றுதான் பேசிக்கொண்டோம். 2015இல் கையெழுத்தான முந்தைய ஒப்பந்தத்தில் 15 சதவீதம் வாங்கியிருந்தோம், அதனால் 2 என்ற எண் யாருக்கும் மனதில் ஏறவே இல்லை. சாயங்காலம் எங்கள் தொழிற்சங்கச் சுற்றறிக்கை வந்து உறுதியானதும், சந்தா பிடித்தம் தவிர சங்கத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத சில பேர்கூட என் மேஜைக்கு வந்து "ஸ்ட்ரைக் எப்ப மேடம்?" என்று கேட்டார்கள்.

நான் செட்டிநாட்டில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கிளார்க். சுற்றியுள்ள சில கிளைகளுக்கும் சேர்த்து சங்கப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எங்கள் ஊதிய ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. ஒரு பக்கம் வங்கி நிர்வாகங்களின் சார்பில் இந்திய வங்கிகள் சங்கம், இன்னொரு பக்கம் ஒன்பது சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. பேச்சுவார்த்தை மும்பையில் நடக்கும், அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடையாது. எங்கள் கைக்கு வருவது நோட்டீஸ் கொடுத்த பிறகு வரும் நாட்கள்தான். 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அதன் 22ஆவது பிரிவுப்படி பொதுப் பயன்பாட்டுச் சேவையில் இருப்பவர்கள் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக்கூடாது. சட்டத்தின் கண்ணில் அது சமரசத்துக்கான அவகாசம். மும்பையில் எத்தனை சதவீதம் கேட்க முடியும் என்பதில் பாதியை அந்த 14 நாளில் கிளைகளில் நடப்பதுதான் தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

முதல் வேலை கணக்குச் சொல்வது. இந்தச் சதவீதம் வங்கிகளின் மொத்தச் சம்பளச் செலவின் மேல் போடுவது, ஒவ்வொருவருடைய அடிப்படைச் சம்பளத்தின் மேல் போடுவது இல்லை. மொத்தத் தொகை முடிவானதும் அதை அடிப்படைச் சம்பளத்துக்கு இவ்வளவு, வீட்டு வாடகைப் படிக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பஞ்சப்படி தனி. இதைச் சொல்லாமல் விட்டால், கையெழுத்தான பிறகு "15ன்னு சொன்னீங்களே, என் சிலிப்புல வரலையே" என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் சம்பளச் சீட்டையே எடுத்து வரச்சொல்லி, வேலைநிறுத்தம் செய்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக் காட்டினேன். நஷ்டத்தை மறைத்து யாரையும் கூட்டிப் போகக்கூடாது. வீட்டுக்கடன் தவணை போக மாசக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதவர் இரண்டு நாள் சம்பளத்தை விடுகிறார் என்றால், எதற்கு விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான பேச்சு ஒன்று எல்லா ஒப்பந்தத்திலும் வரும். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, புதிய ஓய்வூதியத் திட்டம்தான். கோரிக்கைப் பட்டியலில் ஓய்வூதியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது மேலே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேலையில் இருப்பவர்கள் சம்பளம் ஏறுகிறது, எப்போதோ ஓய்வு பெற்றவரின் அடிப்படை ஓய்வூதியம் அப்படியே நிற்கிறது. ஆனால் முப்பது வயசுக்குள் இருக்கும் ஒரு தம்பி நேராகவே கேட்டார்: "எனக்கு வராத பென்ஷனுக்கு நான் எதுக்கு மேடம் சம்பளத்தை விடணும்?" பக்கத்தில் ஓய்வுபெற இருந்த ஒரு சீனியர் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அந்தத் தம்பியை அடக்கப் பார்க்கவில்லை. அவருடைய கேள்வி சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கேள்வி. "நீங்க கேக்குறது சரி, புதிய திட்டத்துக்காரங்க கோரிக்கையையும் அதே கனத்தோட வைக்கணும்னு நம்ம கிளைகள்லேர்ந்து எழுத்துல அனுப்புவோம், நீங்களே எழுதுங்க" என்றேன். அவர் எழுதினார், நல்லாவே எழுதினார், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், அந்த சீனியர் சாரும்தான். இந்த மாதிரி நேரத்தில் ஒற்றுமை ஒற்றுமை என்று கோஷம் போட்டு ஆளை வாயடைக்க வைக்கிற சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்ப்பாட்டத்தன்று கூட்டம் குறையும்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

அப்புறம் வாடிக்கையாளர்கள். 2018 வேலைநிறுத்தம் மே 30, 31 என்று முடிவானது. வைகாசி மாதம், முகூர்த்தங்கள் நிறைய. இந்தப் பக்கத்துக் கல்யாணம் என்றால் லாக்கரில் இருக்கும் நகை வெளியே வந்தாக வேண்டும். லாக்கரோ எங்கள் சாவியும் வாடிக்கையாளர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். நகைக்கடனில் இருப்பதை மீட்டு மகளுக்குப் போட வேண்டியவர்களும் உண்டு. அதனால் நோட்டீஸ் ஒட்டியதோடு நிறுத்தாமல், கவுன்ட்டருக்கு வருபவர்களிடம் "வீட்டுல விசேஷம் இருக்கா, 29ஆம் தேதிக்குள்ள எடுத்துக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தோம். புதுவயல் அரிசி ஆலைக்காரர்களுக்கு கூலிப் பணம் எடுக்க வேண்டிய நாள் எது என்று கேட்டு வைத்தோம். அந்த வாரம் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தோம், யாரும் சொல்லிச் செய்ததில்லை. மறுநாள் கதவைச் சாத்தப் போகிறவர்கள் முந்தின நாள் அவ்வளவு வேலை செய்வது மேனேஜருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்த ஊரில் வங்கி என்பது வெறும் கட்டடம் இல்லை. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்ததை இன்னும் சொந்த வீட்டு விசேஷம் போலப் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயமானபோது அதுவும் அரசுடைமை ஆனது. எங்கள் வங்கி வேறாக இருந்தாலும் அந்த உரிமையை எங்களிடமும் காட்டுவார்கள். கானாடுகாத்தானிலிருந்து வரும் ஒரு ஆச்சி கேட்டார்: "என்னாத்தா, நாங்க வளத்த பேங்க்கை நீங்க பூட்டுறீகளாம்ல?" கோபம் இருந்தது. நான் 2 சதவீதத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது எனக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் கிடைக்காத பாடம். அவர் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் பார்க்கப் போனவர். அந்தக் காலத்தில் கடைக்கு ஆள் அனுப்பும்போது மூன்று வருஷத்துக்கென்று சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றுவார்களாம். "ஒத்தை ஆளாப் போய் நின்னா முதலாளி சொன்னதுதான் ஆத்தா சம்பளம். நீங்களாவது சேந்து கேக்குறீக. கேளுங்க, ஆனா சொல்லிட்டுச் செய்யிங்க" என்றார். 30ஆம் தேதி காலையில் காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் நாங்கள் கோஷம் போட்டு நின்றபோது எங்களைத் திட்டிக்கொண்டு யாரும் போகவில்லை. சிலர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

2 சதவீதம் அன்றைக்கே 15 ஆகிவிடவில்லை. 2020 ஜனவரி 31, பிப்ரவரி 1 என்று இன்னொரு இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தோம், அதே வருஷம் ஜூலையில் 15 சதவீதத்துக்கு உடன்பாடாகி நவம்பர் 11இல் கையெழுத்தானது. 2017 நவம்பரிலிருந்து வர வேண்டியது மூன்று வருஷம் கழித்து அரியர்ஸாக வந்தது. அடுத்த ஒப்பந்தம் 2024 மார்ச் 8இல் 17 சதவீதத்தோடு சீக்கிரமே முடிந்தது. எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை என்பதை அதில் இரு தரப்பும் ஏற்றார்கள், அதற்குப் பதிலாக மற்ற நாட்களில் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வேலை பார்க்க நாங்களும் சம்மதித்தோம். ஆனால் அரசு ஒப்புதல் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடுமுறையைக் கேட்டும், ஆட்களை எடுக்கச் சொல்லியும்தான், 2025 மார்ச் 24, 25இல் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். 22 நான்காவது சனி, 23 ஞாயிறு, ஆக மொத்தம் நான்கு நாள் அடைப்பு, அதுவும் கணக்கு முடிக்கும் மாதத்தில். பழையபடி எல்லாரிடமும் சொல்லி முடித்தோம். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேச்சு நடந்து, வேலைநிறுத்தம் தள்ளிவைப்பு என்று செய்தி வந்தது. தள்ளிவைத்தது சரியான முடிவுதான் என்பது என் எண்ணம். ஆனால் "திங்கள் வராதீங்க" என்று யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடம் "வாங்க" என்று சொல்ல வேண்டியதும் நாங்கள்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வேலைதான். தெரிந்தவர்களுக்கு எல்லாம் போன் போட்டோம், தேவகோட்டைக் கிளைத் தோழர் அங்கே பஜாரில் கடை கடையாகப் போய்ச் சொன்னார். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த முறை எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

இப்போதைய ஒப்பந்தம் 2027 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த கோரிக்கைப் பட்டியலுக்கு எங்கள் பக்கத்திலிருந்து எதை முதலில் வைப்பது என்று இப்போதே பேச ஆரம்பித்திருக்கிறோம். என் மனதில் இருப்பது எங்கள் கிளையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் அண்ணன். பெருக்குவது, வவுச்சர் கட்டுவது, கேஷ் பெட்டி தூக்குவது எல்லாம் அவர்தான். 17 சதவீதத்தில் அவருக்கு ஒரு பைசா இல்லை. கிளை அடைத்திருக்கும் வேலைநிறுத்த நாளிலோ அவருக்குக் கூலியும் இல்லை. அந்த நாட்களின் கூலியை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறோம், அவரும் கூச்சத்தோடு வாங்கிக்கொள்கிறார். இப்படிப் பல வருஷம் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதை எங்கள் தீர்மானத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். வட்டாரக் கூட்டத்தில் இதைப் பின்னால் தள்ளச் சொல்பவர்கள் இருப்பார்கள், சம்பள உயர்வு முதலில் வரட்டும் என்பார்கள். வாக்கெடுப்புக்கு விடச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.