அட்டைப்பெட்டி மேல் ஓடிய கணினி

விடியக்காலையில் ஹட்டனில் பஸ் ஏறி, கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக விலை கேட்டு, நானே ஒரு கணினி பூட்டப் பாகங்கள் வாங்கினேன். புரொசசர் ரைசன் 5 5600ஜி: 6 கோர், 12 திரெட். கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு வேண்டாம். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்.

கேஸுக்குள் பூட்டும் முன் மதர்போர்டை அது வந்த பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டினேன். பவர் பட்டன் வயர் மாட்டும் பின் இரண்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டதும் விசிறி சுற்றியது. தேத்தண்ணியோடு வந்த அம்மா, "கரண்ட் அடிக்காதா தம்பி?" என்று கதவருகிலேயே நின்றுவிட்டார்.

அப்புறம் பென்டிரைவில் இருந்து, ரேமில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓட்டினேன். அரை மணித்தியாலத்தில் திரையில் சிவப்பு வரிகள்: பிழை இருக்கிறது. 8 ஜிபி ரேம் இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன். ஸ்லாட்டை மாற்றினால் பிழை ரேமிலா போர்டிலா என்று தெரியாது. முதலாவது சுத்தம். இரண்டாவதைப் போட்டதும் மறுபடியும் சிவப்பு. தங்க நிற விளிம்பைத் துடைத்துப் போட்டும் அதேதான்.

கடையில் முதலில் "விண்டோஸ் பிழை" என்றார்கள். விண்டோஸே இன்னும் போடவில்லை! சிவப்பு வரிகளைப் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன், மாற்றித் தந்தார்கள். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான் வயிற்றெரிச்சல்.

புது ரேம் இரவு முழுக்க நாலு சுற்று ஓடியது. பிழை 0. காலையில் கேஸில் பூட்டினேன்.